ஓரு ஏறும் காலம்

2019-இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் ஓர் இரவுக் காட்சி உண்டு. காயல் நீரைக் கையால் அளைந்தால் நீலமாக ஒளிரும். இதெல்லாம் கணினி வித்தை என்று நினைத்தவர்கள் இங்கே நிறையப் பேர். திரைக்காகக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம், ஆனால் நிகழ்வு உண்மை. கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி தாண்டித் தெற்கே போனால் கும்பளங்கி. கோடை இரவுகளில் அங்கே துடுப்பு விழுந்த இடமெல்லாம் நீர் மின்னும். ஊர்க்காரர்கள் இதைக் 'கவரு' என்கிறார்கள்.

மின்னுவது டைனோஃபிளாஜெல்லேட்டுகள் எனப்படும் ஒருசெல் மிதவை உயிரிகள். நீர் கலங்கும்போது செல்லுக்குள் அமிலத்தன்மை சட்டென்று கூடுகிறது. லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து, நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு நீல ஒளியை விடுகிறது. தன்னைத் தின்ன வரும் சின்னஞ்சிறு ஓட்டுயிரியை, அதைத் தின்னக்கூடிய மீனுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் இந்த மின்னலின் பயன் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதும், ஊரே திரண்டு பார்க்கப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இந்த இனத்து உயிரிகளின் வேலைதான்.

ஒளியைவிட அது வரும் மாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கவரு மார்ச், ஏப்ரலில் பூக்கும். மே கடைசியில் மழை இறங்கியதும் காணாமல் போகும். காயலில் உப்பு உச்சத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கொச்சியின் காயலோரத்தில் உப்புநீருக்கு 'ஓரு' என்று பெயர். ஓரு ஏறிவிட்டதா, இறங்கிவிட்டதா என்ற ஒரே கேள்விதான் அங்கே எதை விதைப்பது, எதைப் பிடிப்பது, எதைச் சமைப்பது என்று முடிவு செய்துவந்தது. வெயிலையும் குளிரையும் வைத்துப் பருவம் பிரிப்பவர்களுக்குக் கொச்சி பிடிபடாது. ஆண்டு முழுக்க அங்கே ஏறக்குறைய ஒரே புழுக்கம். மாறுவது நீரின் உப்புதான்.

வேம்பநாட்டுக் காயல் சுமார் 96 கிலோமீட்டர் நீளம், இந்தியாவின் மிக நீண்ட ஏரி. 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பெரியாறு, மூவாற்றுப்புழா, மீனச்சில், மணிமலா, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறுகள் இதில் வந்து சேர்கின்றன. கடலோடு இதற்குள்ள முக்கிய வாசல், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே அரை கிலோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அழிமுகம். சீனவலைகள் வரிசையாக நிற்கும் இடம் அதுதான். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஏப்ரலில் அழிமுகத்தருகே காயல் நீரிலும் 30 கிராமுக்குக் குறையாது. ஜூலையில் அதே இடத்தில் மேல்நீரை அள்ளினால் சில கிராம்தான் தேறும், அடைமழை நாட்களில் அதுவும் இருக்காது. ஆனால் அடியில் கதை வேறு. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆற்று வெள்ளம் மேலே கடலை நோக்கிப் பாயும்போதே, அடியில் கடல்நீர் ஆப்பு வடிவத்தில் உள்ளே நுழைந்து கிடக்கும். மழைக்காலத்தில் இந்த இரண்டு அடுக்குகளும் எளிதில் கலப்பதில்லை. மழை குறைந்ததும் ஓதத்தின் கை ஓங்கி, நவம்பர் முதல் ஓரு தெற்கே தெற்கே ஏறத் தொடங்கும்.

இந்தக் கணக்கில் மனிதன் கை வைத்தது அணைகளோடு தொடங்கியது. 1895 முதல் முல்லைப் பெரியாறு அணை பெரியாற்று நீரில் ஒரு பங்கை வைகைக்கு அனுப்புகிறது. தேனி, மதுரைக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிகம் பேசப்படாதது இடுக்கி. 1976 முதல் அந்த அணையின் நீர் மூலமற்றம் மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, திரும்பப் பெரியாற்றுக்குப் போகாமல் மூவாற்றுப்புழாவில் விழுகிறது. அதனால் கோடையில் மூவாற்றுப்புழா வற்றுவதில்லை. பெரியாற்றின் கீழ்ப்பகுதியிலோ ஓரு மேலேறி வருகிறது. அதைத் தடுக்கப் பாதாளத்திலும் மஞ்ஞும்மலிலும் ஷட்டர் வைத்த பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. மட்டாஞ்சேரிக்குக் குழாய்நீர் வரும் முன்பு ஆலுவாவிலிருந்து வள்ளத்தில் குடிநீர் வந்துகொண்டிருந்தது. நாலாபுறமும் தண்ணீர், குடிக்க மட்டும் ஆற்றுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

உப்பின் ஏற்ற இறக்கத்தை எதிரியாகப் பார்க்காமல் அதையே பயிர்த்திட்டமாக்கியவர்கள் பொக்காளி விவசாயிகள். எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் நடப்பது இது. கடமக்குடி, ஏழிக்கரா, வராப்புழா, செல்லானம், கும்பளங்கி என்று ஊர்ப்பெயர்களை அடுக்கலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை நெல், நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அதே வயலில் இறால்.

ஏப்ரலில் வயலின் தூம்பைத் திறந்து, இறக்க ஓதத்தில் உப்புநீரை வடியவிடுவார்கள். பிறகு மண்ணை அரை மீட்டர் உயரத்துக்குக் கூட்டிக் கூட்டி வயல் முழுக்கச் சிறு மேடுகளாக்குவார்கள். முதல் மழை அந்த மேடுகளின் மேல் விழுந்து உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும். மேட்டின் தலைதான் வயலிலேயே முதலில் உப்பு நீங்கும் இடம். முளைகட்டிய விதை அங்கே விழுகிறது. ஓலைக்கூடையில் இறுகக் கட்டி வைத்த விதை, மழை தாமதித்தாலும் பொறுத்திருக்கும். ஒரு மாதம் ஆனதும் நாற்றோடு சேர்த்து மேட்டை வெட்டிச் சிதறடித்து வயலெங்கும் பரப்பிவிடுவார்கள். அதற்குள் வயலில் நன்னீர் நிறைந்திருக்கும். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடுவதில்லை. போட்டாலும் அடுத்த ஓதத்தில் அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சினால் பின்னால் வரும் இறாலைக் கொல்லும்.

இந்த மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. சதுப்பில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இரும்புச் சல்ஃபைடு இதில் நிறைய. நீருக்கு அடியில் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வயலைக் காயப்போட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அது கந்தக அமிலமாக மாறும், மண்ணின் புளிப்பு ஏறிப் பயிர் கருகும். ஆண்டு முழுக்க நீர் வந்து போய்க்கொண்டே இருப்பதுதான் இதற்கு மருந்து. இப்படிப்பட்ட நிலத்தைத் 'தரிசு' என்று எழுதிவிட்டு மண் கொட்டி மேடாக்குவது எத்தனை சுலபமோ, மறுபடி வயலாக்குவது அத்தனை கடினம்.

உப்பு ஏறினால் நெல் ஏன் சாகிறது? சோடியம் இலைக்குள் குவிந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, செல்லின் வேலைகள் நின்றுபோகின்றன. பொக்காளி நெல் இதை இரண்டு வழியில் சமாளிக்கிறது. ஒன்று, தண்டின் நீர்க்குழாயில் ஏறும் சோடியத்தை வழியிலேயே வெளியே இழுத்து, இலைக்குப் போகும் அளவைக் குறைக்கிறது. இரண்டாவது, விறுவிறுவென்று ஆளுயரத்துக்கு வளர்ந்து, உள்ளே வந்த உப்பைப் பெரிய உடம்பில் பரப்பி நீர்த்துப்போகச் செய்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பொக்காளியை ஐ.ஆர்.29 ரகத்தோடு கலந்த ஆய்வுகளிலிருந்து 'சால்டால்' எனப்படும் மரபணுத் தொகுதி அடையாளம் காணப்பட்டது. அது நெல்லின் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. இன்று வங்கதேசத்திலும் வியட்நாமிலும் கடலோர நெல் ரகங்களை மேம்படுத்துகிறவர்கள் இந்தத் தொகுதியைப் பயன்படுத்துகிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வைற்றில நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காளி நிலத்துக்கென்றே 'வைற்றில' வரிசையில் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நம் வேதாரண்யம் பக்கத்துக் குழியடிச்சானும், களர் நிலத்துக் களர்பாலையும் உப்புக்கு ஈடுகொடுக்கும் நெல்கள்தான். ஆராய்ச்சியாளர்களின் கண் அவற்றின் மேல் பொக்காளி அளவுக்குப் படவில்லை என்பது என் ஆதங்கம்.

அக்டோபர் கடைசியில் இடுப்பளவு நீரில் நின்று அறுவடை. பெரும்பாலும் பெண்கள். கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். வைக்கோலை விட்டுவிட்டு வருகிறார்களே என்று தஞ்சாவூர்க்காரர் திகைக்கலாம். அந்தத் தாள் அழுகும்போது அதன் மேல் பாக்டீரியாவும் பாசியும் சிறு புழுக்களும் பெருகும். அடுத்து வரப்போகும் இறாலுக்கு அதுதான் தீனி.

இறாலின் பயணம் வேடிக்கையானது. தாய் கடலில் முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் பொரிக்கும் குஞ்சு பல முறை உருமாறி, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி ஊசியாகிறது. ஏற்ற ஓதத்தோடு அழிமுகத்தில் நுழைந்து, உணவும் மறைவிடமும் உள்ள ஆழமற்ற நீரைத் தேடுகிறது. பொக்காளிக்காரர்கள் ஏற்றத்தில் தூம்பைத் திறக்கிறார்கள், குஞ்சுகள் தாமாக உள்ளே வருகின்றன. குஞ்சு வாங்குவதும் இல்லை, தீனி போடுவதும் இல்லை. மூன்று நான்கு மாதத்தில் வளர்ந்த இறாலுக்குக் கடலுக்குத் திரும்பும் வேகம் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பலமாக இருக்கும். இந்த நாட்களைத் 'தக்கம்' என்கிறார்கள். இரவில் தூம்பு வாயில் விளக்கைத் தொங்கவிட்டு, கூம்பு வலையைக் கட்டி இறக்க ஓதத்தைத் திறந்துவிட்டால், கடலுக்குப் புறப்பட்ட இறால் நேராக வலைக்குள் வரும். நம் ஊரில் வெள்ளை இறால் என்று விற்பது அங்கே நாரன். சூடன், தெள்ளி, காரா என்று மற்றவையும் உண்டு. தெள்ளி சின்னது, விலை மலிவு. மாங்காயும் தேங்காயும் போட்டு வைக்கும் குழம்புக்கு அதுதான் பொருத்தம் என்பது என் நாக்கின் தீர்ப்பு.

இறால் உரிமம் ஏப்ரல் 14-ஆம் தேதியோடு முடிகிறது. விசுவை ஒட்டிய அந்த நாட்களில் மிச்சமிருப்பதைக் கலக்கிப் பிடிக்க ஊரே இறங்கும். கரிமீனுக்கு விலையுள்ள ஊரில் நிலமில்லாதவர்களுக்கும் கொஞ்சம் மீன் கிடைக்கும் வழக்கம் இது.

கரிமீன் கேரளத்தின் மாநில மீன், 2010-இல் அறிவித்தார்கள். வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் இல்லாமல் அங்கே உணவகம் இல்லை. இதன் நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை, மடகாஸ்கரில்தான் இருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக் கிடந்த கோண்ட்வானா காலத்தின் மிச்சம் இந்த உறவு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டைக்குக் காவல் நிற்கும், துடுப்பால் விசிறும், பொரித்த குஞ்சுகளைப் பள்ளம் பள்ளமாக மாற்றி வளர்க்கும். பள்ளத்தி என்ற சின்ன மீன் இதன் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் இதன் முட்டையையும் தின்கிறது. காயலில் நட்பு இப்படித்தான்.

மழைக்காலத்தில் கடல் பக்கம் வேறொன்று நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. அதில் டயாட்டம் பாசிகள் பெருகும், மத்தி மீன் கூட்டம் அவற்றைத் தின்று கொழுக்கும். அதே வேளையில் ஆலப்புழைக் கரையில் சில இடங்களில் மிதக்கும் சேறு அலையை விழுங்கிக் கடலை அமைதியாக்குகிறது. சிறு வள்ளக்காரர்கள் காத்திருக்கும் 'சாகர' அது. விசைப்படகுகளுக்குக் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் தடை. நம் கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. தமிழ்நாட்டுச் சந்தையில் இரு கரை மீனும் மாறி மாறி வருவதன் சூட்சுமம் இந்தத் தேதிகளில் இருக்கிறது. அந்த மீனைக் குழம்பாக்கும் குடம்புளி பழுப்பதும் மழையில்தான். வெயிலில் காயப்போட முடியாததால் புகையில் காய்கிறது. அதிலுள்ள அமிலம் மீன்குழம்பைக் கெடாமல் வைத்திருக்கும். மண்சட்டியில் வைத்த மத்திக் குழம்பை மறுநாள் சாப்பிடுங்கள் என்று கேரளத்தார் சொல்வதில் ருசியும் உண்டு, வேதியியலும் உண்டு.

உப்பின் போக்குவரத்தை நிறுத்திப் பார்த்த கதைக்கு வருகிறேன். காயலின் தெற்கே குட்டநாடு. கடல்மட்டத்துக்குக் கீழே ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் வரப்புக் கட்டி, நீரை இறைத்து நெல் விளைவிக்கும் ஊர். இதை 2013-இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபாக அங்கீகரித்தது. அங்கே கோடைப் பயிரை ஓரு கெடுக்காமலிருக்க, தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தடுப்பணை கட்டினார்கள். பணிகள் 1950-களில் தொடங்கி, 1970-களின் நடுவில் இயக்கத்துக்கு வந்தது. நடுப்பகுதி பல பத்தாண்டுகள் வெறும் மண்ணணையாகவே கிடந்தது. டிசம்பரில் ஷட்டரை இறக்கி, அறுவடை முடிந்ததும் ஏற்றுவது ஏற்பாடு. அரிசிப் பஞ்சம் இருந்த காலத்தில் எடுத்த முடிவு, அதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஆனால் காயல் இரண்டாகப் பிளந்தது. ஆற்றுக்கொஞ்சு எனும் இறால் வாழ்வது நன்னீரில், அதன் குஞ்சு பிழைப்பது உப்பு கலந்த நீரில். முட்டை சுமந்த தாய் வடக்கே இறங்கிவர வேண்டும், குஞ்சுகள் தெற்கே ஏறிப் போக வேண்டும். இரு வழியிலும் ஷட்டர். கொஞ்சுப் பிடிப்பு சரிந்தது. கறுப்புக் கக்கா எனும் சிப்பி இனப்பெருக்கம் செய்ய உப்பின் அளவு மாறியாக வேண்டும், மாறாத நீரில் அதுவும் தடுமாறுகிறது. ஆகாயத்தாமரைக்கோ கொண்டாட்டம். முன்பெல்லாம் ஆண்டுதோறும் ஓரு ஏறி அதைக் கருக்கிவிடும். இப்போது அணைக்குத் தெற்கே தடையின்றிப் பரவி, மழை வெள்ளத்தில் கொச்சிவரை மிதந்து வந்து சீனவலையில் சிக்குகிறது. வயலின் பூச்சிமருந்தும் படகுவீட்டுக் கழிவும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. நெல் விதைப்பு தள்ளிப்போகும் ஆண்டில் ஷட்டர் திறப்பதும் தள்ளிப்போகும், மீனவர்களும் விவசாயிகளும் முறைத்துக்கொள்வார்கள்.

பொக்காளியின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அங்கே உப்பை வெளியே விட மறுக்கிறார்கள். இறாலில் பணம், நெல்லில் கூலிச் சுமை. ஆண்டு முழுக்க இறாலே இருக்கட்டும் என்று குத்தகைக்காரர் தூம்பை மூடிவைத்தால் நெல் விதைக்க வழியில்லை, பக்கத்து வீடுகளின் சுவரில் உப்பு பூக்கிறது. ஒருகாலத்தில் சுமார் 25,000 ஹெக்டேரில் நடந்ததாகச் சொல்லப்படும் பொக்காளி இன்று அதில் சிறு பங்கில்தான் நடக்கிறது. 2008-09-இல் கிடைத்த புவிசார் குறியீடு அரிசிக்குப் பெயர் வாங்கித் தந்தது, அறுக்க ஆள் வாங்கித் தரவில்லை. ஆண்டு முழுக்க இறால் நிலைப்பதும் இல்லை. 1990-களின் நடுவில் வந்த வெண்புள்ளி வைரஸ் இறால் குளங்களில் வேகமாகப் பரவியது.

மரபுமுறைக்கும் ஆண்டு முழுக்க இறால் வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்றே புரிந்துகொண்டது. நாகை மாவட்டத்து இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு அது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைத் தொழிலைத் தடை செய்த தீர்ப்பு, மரபுமுறை வளர்ப்புக்கு மட்டும் விலக்களித்தது. நெல்லும் இறாலும் மாறி மாறி வரும் முறைதான் அந்த மரபு. நெல்லை நிறுத்திவிட்டு இறாலை மட்டும் வளர்ப்பவர் அந்த விலக்கின் நிழலில் நிற்கத் தகுதியில்லாதவர் என்பதே என் கருத்து.

கேரள அரசின் கொள்கையே 'ஒரு நெல், ஒரு மீன்' என்பதுதான், புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஏப்ரல் 14-க்குப் பிறகும் உப்புநீரை வடிக்காத வயலுக்கு அடுத்த நவம்பரில் இறால் உரிமம் தரக்கூடாது. குட்டநாட்டில் விதைப்புத் தேதியை உறுதிசெய்து, தண்ணீர்முக்கம் ஷட்டரைக் குறித்த நாளில் ஏற்ற வேண்டும். கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் ஏலமும் வாங்குவதோடு, பொக்காளி அரிசி கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் விதைக்கிறவர்களும் இருப்பார்கள்.